கணிப்பைத் தெரிந்து தெளிதல்

(பொறியியல் மாணவர்களின் தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாய்மங்களின் போக்கையும் வெப்பத்தின் பரவலையும் எண்களால் கணித்தறிதல் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். இத்துறையின் வாய்பாடுகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்காட்ட ஒரு பொழுது போதாது. அவை உங்கள் பாடநூல்களிலேயே உள்ளன. பாடநூல்கள் ஓரத்தில் ஒதுக்கிவைத்துள்ள ஒரு வினாவையே நான் நடுவில் எடுத்து வைக்க விரும்புகின்றேன். கணிப்பொறி ஒரு விடையைத் தருகின்றது. அவ்விடையை எப்பொழுது நம்புவது, எப்பொழுது ஐயுறுவது? இதுதான் வினா. இஃது ஏட்டுவினா அன்று; உயிரும் பொருளும் இதில் அடங்கியுள்ளன. கணிப்பு உண்மையைச் சொல்லியும் வல்லுநர் ஐயுற்ற நிகழ்ச்சியும் உண்டு. கணிப்பு பொய்யைச் சொல்லியும் வல்லுநர் நம்பிய நிகழ்ச்சியும் உண்டு. அவ் விரண்டையும் உங்கள்முன் வைப்பேன். அதற்குமுன், கணிப்பு யாங்ஙனம் நடைபெறுகின்றது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துக்கொள்வோம்.

பாய்வன எல்லாம் பாய்மம். நீர், எண்ணெய் முதலிய நீர்மங்களும், காற்று, ஆவி முதலிய வளிமங்களும் இவ்வொரு சொல்லில் அடங்கும். பொறியியலார் கையாளும் பொருள்களுள் பாய்மம் படாதது அரிது. கொதிகலனில் நீர் ஆவியாதலும், ஊர்திப் பொறியில் எரிவளி எரிதலும், வானூர்தியின் இறக்கையைக் காற்று தூக்குதலும், கணிப்பொறிக்குள் இருக்கும் சில்லின் சூட்டை விசிறிக்காற்று வாங்கிச் செல்லுதலும் பாய்மத்தின் செயல்களே. வெப்பம் மூவகையாற் செல்லும். ஒரு பொருளினூடே கடந்து செல்லுதல் ஒன்று. பாயும் பொருளோடு தானும் சேர்ந்து பெயர்தல் ஒன்று. கதிராக வீசுதல் ஒன்று. இவற்றுள் இரண்டாவது வகை பாய்மத்தின் போக்கோடு பிரிக்கவொண்ணாதபடி பிணைந்தது. பாய்வை அறியாமல் வெப்பத்தை அறிய இயலாது. சூடேறிய காற்று இலேசாகி மேலெழுதலின், வெப்பத்தை அறியாமல் பாய்வையும் அறிய இயலாத இடங்கள் பல.

பாய்மத்தின் இயக்கத்திற்கு இயற்கை வகுத்த விதிகளைப் பிரெஞ்சுப் பொறியியலாளர் நேவியர் 1822ஆம் ஆண்டிலும், கேம்பிரிட்சில் பணியாற்றிய கணக்கியலறிஞர் இசுடோக்சு 1845ஆம் ஆண்டிலும் சமன்பாடுகளாக எழுதினர். எழுதியாயிற்று, ஆனால் விடுவிக்க முடியவில்லை. நேரான குழாய், இணையான இரு தட்டுகள் என்று எளிய வடிவங்கள் சிலவற்றிற்கு மட்டுமே அவை முழு விடை தந்தன. வளைந்த குழாய்க்கும், உலைக்கும், இறக்கைக்கும் தாளில் எழுதிப் பெறும் விடை இல்லை. முப்பரும வெளியில் அச் சமன்பாடுகளுக்கு எக்காலத்தும் ஒழுங்கான விடை இருக்குமா என்னும் வினா, பத்து இலக்கம் அமெரிக்க வெள்ளி பரிசாக வைத்து 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஏழு கணக்கியற் சிக்கல்களுள் ஒன்றாயிற்று என்றால், அதன் கடுமை உங்களுக்கு விளங்கும்.

முழு விடை கிட்டாதவிடத்து மாந்தர் ஒரு வழி கண்டனர். அவ்வழியை நம் ஊர் ஏரியைக் கொண்டே விளக்கலாம். ஓர் ஏரிக்கு வரத்துக்கால் வழியே நீர் வருகின்றது. மதகின் வழியாகவும் கலிங்கின் வழியாகவும் வெளியேறுகின்றது. கதிரவன் குடிப்பதும் நிலம் உறிஞ்சுவதும் உண்டு. வந்ததிலிருந்து போனதைக் கழித்தால் ஏரியில் ஏறிய நீரின் அளவு கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லையெனின், நாம் எழுதிய கணக்கில் எங்கோ பிழையிருக்கின்றது, நீர் பொய்சொல்லாது.

இனி, ஓர் உலையின் உட்புறத்தைப் பல்லாயிரம் சிறு ஏரிகளாகப் பகுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் சிற்றறை என்போம். ஒவ்வொரு சிற்றறைக்கும் மூன்று கணக்குகள் எழுத வேண்டும். பொருள் எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று என்பது முதற் கணக்கு. உந்தம் எவ்வளவு வந்தது, அழுத்தமும் பாகுமையும் அதை எவ்வளவு கூட்டின அல்லது குறைத்தன என்பது இரண்டாங் கணக்கு. வெப்ப ஆற்றல் எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று என்பது மூன்றாங் கணக்கு. ஓர் அறையை விட்டு வெளியேறியது அடுத்த அறைக்குள் நுழைந்தாக வேண்டும். இடையில் ஒரு துளியும் மறைதல் கூடாது. இவ்வாறு எழுதப்படும் பல்லாயிரம், இற்றை நாளிற் பல கோடிக் கணக்குகளையும் ஒருங்கே ஒத்துவரச் செய்வதே எண்வழிக் கணிப்பு. அதன் அடிப்படை இவ்வளவுதான். மற்றவெல்லாம் இதனைச் செம்மையாகவும் விரைவாகவும் செய்யும் வழிகளே.

இவ்வழி கணிப்பொறிக்கு முந்தியது. இங்கிலாந்தின் உலூயி பிரை இரிச்சர்ட்சன் என்பார் கற்கட்டு அணையொன்றினுள் எழும் தகைவுகளை இம்முறையாற் கணித்து, 1910ஆம் ஆண்டில் அறிஞர்முன் வைத்தார். அற்றை நாளில் கணிப்பொறி ஏது? சிறுவர்களைக் கூலிக்கு அமர்த்திக் கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் செய்வித்தார். இலக்கங்களின் எண்ணிக்கைக்கேற்பக் கூலி. பிழையாகப் போட்ட கணக்குக்குக் கூலி இல்லை. இற்றைக் கணிப்பொறியோ பிழையான விடைக்கும் அதே மின்செலவை வாங்கிக்கொள்கின்றது என்பதை நீங்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

அவரே பின்னர் அம்முறையைக் காற்று மண்டலத்திற்குப் பொருத்தினார். முதலாம் உலகப் போரின்போது பிரான்சில் நோயாளர் ஊர்தி ஓட்டிக்கொண்டே, 1910ஆம் ஆண்டு மே 20ஆம் நாளுக்குரிய வானிலையைக் கையாற் கணித்தார். ஆறு மணிநேரத்தில் ஓரிடத்தின் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையிலோ அன்று அழுத்தம் ஏறத்தாழ மாறவேயில்லை. இரிச்சர்ட்சன் அத் தோல்வியை மறைக்கவில்லை; 1922ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் அவ்விடையை அப்படியே அச்சிட்டார். அவர் எழுதிய சமன்பாடுகள் பிழையல்ல. தொடக்கத்தில் இட்ட காற்றளவுகளும் அழுத்த அளவுகளும் ஒன்றோடொன்று இசையாமையே கரணியம் என்பது பின்னாளில் தெளிவாயிற்று. தொடக்க அளவுகளை இசைவித்துவிட்டு அதே முறையாற் கணித்தபொழுது ஏற்கத்தக்க விடை வந்தது. ஆகலின், முறை செம்மையாயினும் உள்ளிடும் தரவு செம்மையன்றாயின் விடை பொய்க்கும் என்பது முதற் பாடம்.

செருமனியின் கோட்டிங்கனைச் சார்ந்த கூரண்டு, பிரீடரிக்சு, இலெவி என்னும் மூவர் 1928ஆம் ஆண்டில் இரண்டாம் பாடத்தைத் தந்தனர். காலத்தையும் நாம் சிறு சிறு அடிகளாகப் பகுத்தே கணக்கிடுகின்றோம். ஓர் அடிக்குள் பாய்மத்தின் செய்தி ஒரு சிற்றறையைத் தாண்டிச் சென்றுவிடுமாயின், தாண்டப்பட்ட அறையின் கணக்கு எழுதப்படாமற் போகின்றது. எளிய முறைகளில் அவ்வாறு நேர்ந்தால் சிறுபிழை அடிதோறும் பெருகி, விடையையே விழுங்கிவிடும். அறையைச் சிறிதாக்கினால் காலவடியையும் சிறிதாக்கியாக வேண்டும். நுணுக்கத்திற்கு விலை உண்டு என்பதே இதன் பொருள்.

அவ்விலையை அற்றை அறிஞர் தம் வாழ்நாளாற் கொடுத்தனர். உருளையொன்றைச் சுற்றிப் பாயும் பாய்மத்தின் போக்கைத் தாம் என்பவர் 1933ஆம் ஆண்டில் கையாற் கணித்தார். சப்பானின் கவாகுதி அதே சிக்கலைச் சற்றே கூடிய விரைவுக்குக் கணித்து 1953ஆம் ஆண்டில் வெளியிட்டார். கையாற் சுழற்றும் கணக்குப்பொறியில், கிழமைக்கு இருபது மணிநேரமாக, ஒன்றரை ஆண்டு உழைத்துப் பெற்றது அந்த ஒரே விடை. இன்று உங்கள் மடிக்கணினி அவ்விடையைச் சில நொடிகளில் தந்துவிடும். ஆயினும், ஒன்றரை ஆண்டு உழைத்தவர்க்கு ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்திருந்தது. நொடியில் விடை பெறுவோர்க்கு அது தெரிவதில்லை. நாம் பெற்றது விரைவு. இழக்கக் கூடாதது அந்தத் தெரிவு.

மின்னணுக் கணிப்பொறி வந்தபின் அமெரிக்காவின் இலாசு அலமாசில் ஆர்லோ என்பாரின் குழுவினர் 1950களிலும் 1960களிலும் புதுமுறைகள் பலவற்றை வகுத்தனர். பொறியியலாரின் அன்றாடக் கருவியாக இக் கணிப்பை ஆக்கிய பெருமையிற் பெரும்பங்கு இலண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் இசுபால்டிங்குக்கும் அவர் மாணவர்க்கும் உரியது. அவ் வகையில் 1972ஆம் ஆண்டில் அவரும், அவரிடம் பயின்ற சுகாசு பாட்டண்கரும் வெளியிட்ட படிமுறையைச் சற்று விரித்துச் சொல்வேன். அடர்த்தி மாறாத பாய்மத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. விரைவுக்குச் சமன்பாடு உண்டு. வெப்பநிலைக்குச் சமன்பாடு உண்டு. அழுத்தத்திற்கென்று தனிச் சமன்பாடு இல்லை. ஆனால் அழுத்தம் தெரியாமல் விரைவைக் கணிக்க இயலாது. அவர்கள் சொன்ன வழி இது: அழுத்தத்தை முதலில் உய்த்துக் கொள்க, அதைக்கொண்டு விரைவைக் கணிக்க, ஒவ்வொரு சிற்றறையிலும் வந்த பொருளும் போன பொருளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க, ஒவ்வாத அறையில், மிகுதியாக வந்திருந்தால் அழுத்தத்தை உயர்த்துக, குறைவாக வந்திருந்தால் தாழ்த்துக, மீண்டும் கணிக்க, கணக்கு ஒத்துவரும்வரை இவ்வாறே செய்க. தவறாக உய்த்தாலும் குற்றமில்லை; தவற்றைக் காட்டிக்கொடுக்கும் கணக்கு உடனிருக்க வேண்டும் என்பதே அதன் உயிர்நிலை. பாட்டண்கர் 1980ஆம் ஆண்டில் எழுதிய நூல் இம்முறையை உலகெங்கும் மாணவர்க்குக் கொண்டுசென்றது.

இன்னும் ஒரு தடை இருக்கின்றது. பாய்வு எப்பொழுதும் அமைதியாக நடப்பதில்லை. இரேனால்ட்சு என்பார் 1883ஆம் ஆண்டில் மான்செசுட்டரில், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரினூடே ஒரு சாய இழையை விட்டுப் பார்த்தார். மெல்ல ஓடியவரை இழை நேர்கோடாகச் சென்றது. விரைவு ஓர் அளவைத் தாண்டியதும் இழை கலைந்து குழாய் முழுதும் சாயமாயிற்று. முன்னது சீர்பாய்வு, பின்னது கொந்தளிப்பு. பொறியியலார் காணும் பாய்வுகளிற் பெரும்பாலன கொந்தளிப்பே. அதில் பெருஞ்சுழி உடைந்து சிறுசுழியாகி, அதுவும் உடைந்து நுண்சுழியாகி, ஈற்றில் வெப்பமாகின்றது. நுண்சுழி ஒவ்வொன்றையும் பிடிக்கவேண்டுமானால் சிற்றறைகளை அவற்றினும் நுண்ணியனவாக்க வேண்டும். இரேனால்ட்சின் எண் பத்து மடங்கானால் வேண்டிய சிற்றறைகளின் தொகை ஏறத்தாழ 178 மடங்காகின்றது. இற்றைப் பெருங்கணிப்பொறிகளும் பெரும்பாலான பொறியியற் சிக்கல்களில் அவ்வளவைத் தாங்கமாட்டா.

ஆகவே, சுழிகளின் ஒட்டுமொத்த விளைவை மட்டும் சொல்லும் துணைச் சமன்பாடுகளை அமைத்துக்கொண்டனர். இலாண்டர், இசுபால்டிங்கு என்னும் இருவர் பெயரால் வழங்கும் முறையில் அத்தகைய சமன்பாடுகள் இரண்டு. சுழிகளின் ஆற்றலுக்கு ஒன்று, அவ்வாற்றல் தேயும் அளவுக்கு ஒன்று. அவற்றில் 0.09, 1.44, 1.92 என்றாற்போல ஐந்து மாறிலிகள் உள்ளன. இவ்வெண்கள் நேவியரின் விதியிலிருந்து வந்தவையல்ல. ஆய்வுக்கூடத்தில் அளந்து பெற்ற அளவுகளோடு விடை பொருந்துமாறு தேர்ந்தவை. இதனை அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். கணிப்பொறியின் விடைக்குள்ளேயே செய்முறையாய்வு ஒளிந்திருக்கின்றது. எவ்வகைப் பாய்வுகளை அளந்து அவ்வெண்கள் பெறப்பட்டனவோ, அவ்வகைப் பாய்வுகளுக்கே அவை உறுதியானவை. வேறுவகைப் பாய்வுக்கு அவற்றைக் கொண்டுசெல்வோர் சான்றின்றிச் செல்கின்றனர்.

இனி முதல் நிகழ்ச்சிக்கு வருவோம்.

இலண்டன் மாநகரின் நிலத்தடித் தொடர்வண்டி நிலையங்களுள் கிங்சு கிராசு ஒன்று. 1987ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் மாலை ஏறத்தாழ ஏழரை மணிக்கு, அங்குள்ள நகரும் படிக்கட்டு ஒன்றின்கீழ்த் தீப்பற்றியது. படிகளும் பக்கத் தடுப்புகளும் மரத்தாலானவை. படிகளின் அடியில் நெடுங்காலமாகச் சேர்ந்த மசகும் குப்பையும் கிடந்தன. நிலையங்களிற் புகைத்தல் 1985ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டிருந்தும், வெளியேறுவோர் படியிலேறும்போதே புகை பற்றவைப்பது வழக்கமாயிருந்தது. எரியும் தீக்குச்சியொன்று இடுக்கில் விழுந்திருக்க வேண்டும் என்பதே பின்னர்க் கண்ட முடிவு. முதலிற் பார்த்தவர்களுக்கு அது பெரிய அட்டைப்பெட்டி ஒன்று எரிவதைப் போன்ற தீயாகவே தோன்றியது. தீயணைப்பினர் வந்து சேர்ந்த சில மணித்துளிகளுக்குள், ஏழே முக்கால் மணியளவில், படிக்கட்டுக் குடைவிலிருந்து தீப்பிழம்பு பீறிட்டு மேலேயுள்ள சீட்டுக் கூடத்தை ஒரேயடியாக விழுங்கியது. 31 பேர் இறந்தனர். தீயணைப்பு அலுவலர் ஒருவரும் அவர்களுள் அடங்குவர்.

சிறுதீ ஒன்று பதினைந்தே மணித்துளிகளில் இவ்வளவு கொடுமையாக எவ்வாறு மாறியது? டெசுமண்டு பென்னல் என்பாரின் தலைமையில் அமைந்த உசாவற் குழுவின்முன் இவ்வினாவே தலையாயதாக நின்றது. கூரையில் அடுக்கடுக்காகப் பூசப்பட்டிருந்த பழைய வண்ணப்பூச்சைச் சிலர் குற்றஞ்சாற்றினர். தொடர்வண்டிகள் குடைவழியில் வரும்போது முன்தள்ளும் காற்றே தீயை ஊதியது என்றனர் சிலர். அக் காற்றின் பங்கு சிறிதே என்று பின்னர்த் தெரியவந்தது.

ஆர்வெல் என்னுமிடத்திலுள்ள அணு ஆற்றல் ஆராய்ச்சி நிறுவனத்தினர், அப் படிக்கட்டுக் குடைவையும் சீட்டுக் கூடத்தையும் சிற்றறைகளாகப் பகுத்துச் சூடான வளியின் போக்கைக் கணிப்பொறியிற் கணித்தனர். எவரும் எதிர்பாராத விடை வந்தது. சூடான வளி மேலெழும் என்பது சிறு பிள்ளையும் அறிந்தது. எனவே, தீயின் சூடு படிக்கட்டை விட்டெழுந்து கூரையைத் தழுவிச் செல்லும் என்றே அனைவரும் எண்ணியிருந்தனர். கணிப்போ, சூடான வளி எழவில்லை என்றது. இரு பக்கத் தடுப்புகளுக்கும் இடையே, படிகளின்மேலேயே படிந்து, அகழியில் ஓடும் நீரைப்போல் மேல்நோக்கி விரைகின்றது என்றது. இயற்கைக்கு மாறாகத் தோன்றிய இவ்விடையை வல்லுநர் எளிதில் ஏற்கவில்லை. கணிப்பில் ஏதோ பிழை என்ற ஐயமே முதலில் எழுந்தது.

அவ் ஐயம் குற்றமன்று. ஐயத்தைத் தீர்க்க அவர்கள் மேற்கொண்ட வழியே நாம் கற்க வேண்டியது. விடை நம் பட்டறிவுக்கு ஒவ்வவில்லை என்று கணிப்பைத் தூக்கி எறியவுமில்லை. கணிப்பொறி சொல்லிவிட்டது என்று தலைவணங்கவுமில்லை. பக்சுடன் என்னுமிடத்தில், உண்மைப் படிக்கட்டின் மூன்றிலொரு பங்கு அளவில் ஒரு சிற்றுருவைக் கட்டினர், அதற்குத் தீயிட்டனர். முதற் சில மணித்துளிகள் தீ பொதுவாக எரிவதுபோலவே எரிந்தது. பின்னர், கணிப்பொறி காட்டியவாறே, தீப்பிழம்பு படிகளின்மேற் சாய்ந்து படுத்தது. படிகளைப் பற்றிக்கொண்டு மேலோடியது. உச்சியிலிருந்து கூடத்திற்குள் தீத்தாரையாகப் பாய்ந்தது.

ஏன் இவ்வாறு? எரியும் தீ தன்னைச் சூழ்ந்த காற்றை உள்ளிழுக்கின்றது. வெட்டவெளியில் எல்லாப் பக்கங்களிலிருந்தும் காற்று வருதலால் பிழம்பு நேரே எழுகின்றது. சாய்ந்த அகழிக்குள்ளோ பக்கத் தடுப்புகள் காற்றை மறிக்கின்றன. கீழிருந்து சரிவின் வழியே வரும் காற்று பிழம்பைத் தள்ளுகின்றது; மேலிருந்து வரும் காற்று அதைத் தரையோடு அழுத்துகின்றது. 30 பாகைச் சாய்வு அதற்குத் துணையாகின்றது. படுத்த பிழம்பு, இன்னும் எரியாத மேற்படிகளை முன்கூட்டியே சூடாக்குகின்றது. சூடேறிய மரம் எரிவளியைக் கக்குகின்றது. பிறகு பல படிகள் ஒருசேரப் பற்றிக்கொள்கின்றன. இதற்கு 'அகழி விளைவு' என்று பெயர் வைத்தனர். தீயியல் நூல்களில் அதற்குமுன் இல்லாத இப்பாடத்தை 31 உயிர்கள் எழுதின, அதைப் படித்துச் சொன்னது கணிப்பு, மெய்ப்பித்தது செய்முறையாய்வு.

1988ஆம் ஆண்டு நவம்பரில் உசாவல் அறிக்கை வெளிவந்தது. நிலத்தடி நிலையங்களுக்கான தீத்தடுப்பு விதிகள் 1989ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்றன. மரத்தாலான நகர்படிகள் படிப்படியாக நீக்கப்பட்டன. இலண்டன் நிலத்தடித் தொடர்வண்டியில் எஞ்சியிருந்த கடைசி மரப்படி 2014ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது.

இரண்டாம் நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. அது பாய்வின் கணிப்பன்று. நீரின் அழுத்தத்தைத் தாங்கும் சுவர்களின் தகைவுக் கணிப்பு. ஆயினும் பொருளைச் சிறு கூறுகளாகப் பகுத்துக் கணக்கெழுதும் அடிப்படை ஒன்றேயாதலின் ஈண்டுச் சொல்கின்றேன். நார்வே நாட்டின் கடலில் எண்ணெய்-எரிவளித் துரப்பண மேடையைத் தாங்குவதற்காகச் 'சிலைப்னர் ஏ' என்னும் மாபெருங் கற்காரைக் கட்டடம் எழுப்பப்பட்டது. அதன் அடித்தளம் 24 கற்காரை அறைகளின் தொகுதி. 1991ஆம் ஆண்டு ஆகத்து 23ஆம் நாள், இசுடவாங்கர் நகருக்கருகில் கடற்கழியொன்றில் அதை நீருக்குள் மெல்ல இறக்கிச் சரிபார்த்துக்கொண்டிருந்தனர். ஏறத்தாழ 65 மீட்டர் ஆழத்தில் அறைச்சுவர் ஒன்று பிளந்தது. நீர் உட்புகுந்தது. இறைக்கும் பொறிகள் ஈடுகொடுக்கவில்லை. கட்டடம் முழுதும் மூழ்கிக் கடலடியில் மோதி நொறுங்கியது. நல்லூழாக உயிரிழப்பு இல்லை. பொருளிழப்போ ஏறத்தாழ 70 கோடி அமெரிக்க வெள்ளி.

ஆராய்ந்தபோது கரணியம் வெளிப்பட்டது. அறைகள் கூடுமிடத்தில் உள்ள முக்கோணச் சந்துகளின் சுவர்களைக் கணித்தவர்கள், அங்கே கூறுகளைப் பருமனாகவும் கோணலாகவும் பகுத்திருந்தனர். அதனால் சுவரை அறுக்கும் விசை உண்மையினும் 47 விழுக்காடு குறைவாகக் கணிக்கப்பட்டது. குறைந்த விசைக்கேற்பக் கம்பிகளும் குறைவாகவே இடப்பட்டன. அக்கணிப்பை எவரும் கையாற் போட்டுப் பார்த்து ஒப்பிடவில்லை. நேர்ச்சிக்குப் பின்னர், நுணுக்கமாகப் பகுத்து மீண்டும் கணித்தபோது, சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்த ஆழத்திற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு மூன்றே மீட்டர். ஆகவே, குற்றம் முறையினது அன்று. முறையைப் பருமனாகக் கையாண்டு, வந்த விடையை உசாவாமல் தெளிந்த மாந்தரது.

தோழர்களே, இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கிங்சு கிராசில் விடை வியப்பைத் தந்தது, அதனால் உசாவினர், உண்மை கிடைத்தது. சிலைப்னரில் விடை எதிர்பார்த்தபடியே இருந்தது, அதனால் உசாவவில்லை, கட்டடம் மூழ்கியது. நமக்கு ஒவ்வாத விடையை உசாவுவது எளிது. நமக்கு உகந்த விடையை உசாவுவதே அரிது. அரிதான அதனைச் செய்பவனே பொறியாளன்.

'தெரிந்து தெளிதல்' என்று திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அஃது அரசன் ஆட்களை ஆராய்ந்து தேறுதற்குச் சொன்னது. கணிப்பையும் அவ்வாறே ஆராய்ந்து தேற வேண்டும். அதற்கு நான்கு வினாக்கள் போதும்.

ஒன்று: சிற்றறைகளை இன்னும் சிறிதாக்கினால் விடை மாறுகின்றதா? மாறிக்கொண்டே இருப்பின், நீங்கள் காண்பது பாய்மத்தின் போக்கன்று. உங்கள் வலையின் போக்கு. மாறாமல் ஓரிடத்தில் நிலைகொள்ளும்வரை அதை விடையென்று சொல்லாதீர்கள்.

இரண்டு: ஏரிக்கணக்கு ஒத்துவருகின்றதா? உள்வந்த பொருளும் வெப்பமும், வெளிச்சென்றதோடும் தங்கியதோடும் ஒத்திருக்க வேண்டும். இதைப் பார்க்கப் பெரிய கணிப்பொறி வேண்டா. ஒரு தாளும் எழுதுகோலும் போதும்.

மூன்று: உள்ளிட்டவை யாவை, எங்கிருந்து பெற்றவை? சுவரின் வெப்பநிலை, நுழைவாயிலின் விரைவு, பொருளின் பாகுமை ஆகிய ஒவ்வொன்றும் அளந்து பெற்றதா, வேறு நூலிலிருந்து எடுத்ததா, வெறும் உய்த்துணர்வா? இரிச்சர்ட்சனின் 145 மில்லிபாரை மறவாதீர்கள்.

நான்கு: இதையொத்த ஒன்றை எவரேனும் அளந்து பார்த்திருக்கின்றனரா? அளந்திருப்பின், உங்கள் கணிப்பு முதலில் அதைச் சொல்லட்டும். பிறகு அளக்காததைச் சொல்லட்டும். ஒருவரும் அளக்கவில்லையெனின், பக்சுடனிற் செய்ததுபோல் ஒரு சிற்றுருவையாவது கட்டிப் பாருங்கள்.

இக்காலத்தில் இதற்கொரு தனித்தேவை உண்டு. மென்பொருள்கள் விடையைப் பல நிறப் படமாக்கித் திரையில் ஓட்டிக் காட்டுகின்றன. சிவப்பும் நீலமும் குழைந்து சுழலும் அப்படத்தைக் கண்டதும் உள்ளம் மயங்குகின்றது. பிழையான கணிப்பின் படமும் அதே அழகோடுதான் இருக்கும். நிறம் சான்றாகாது. படத்தை மூடிவைத்துவிட்டுக் கணக்கைக் கேளுங்கள்.

ஈற்றாக ஒன்று சொல்லி முடிப்பேன். உங்கள் கணிப்பு உங்களுக்கு விளங்கியதா என்று அறிய எளிய அளவுகோல் ஒன்று உண்டு. மதகு திறந்து மூடும் நீர்க்கட்டி ஒருவரிடம் அதை எடுத்துச் சொல்லிப் பாருங்கள். எந்த அறைக்குள் என்ன வந்தது, என்ன போயிற்று, எது தங்கியது என்று தமிழில் அவருக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் கணிப்பு உங்களுடையது. அயற்சொற்களை அடுக்கித்தான் சொல்ல முடியும், தாய்மொழியில் விளக்க வராது என்றால், மென்பொருள் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்கின்றீர்களேயன்றி, நீங்களாக எதையும் அறிந்திலீர். அந்த நீர்க்கட்டி உங்களைத் திருப்பி ஒரு வினா கேட்பார்: "கணக்கு இருக்கட்டும் தம்பி, நீரை அளந்து பார்த்தாயா?" என்று. அவ்வினாவுக்கு விடையோடு செல்லுங்கள். நீங்கள் நாளை கணித்துத் தரப்போகும் உலைகளுக்கும் குடைவழிகளுக்கும் உள்ளே மாந்தர் உயிர்கள் இருக்கும்.